மூன்றாம் நம்பர் மூடி

தம்பி,

நேற்று போனைப் பாதியில் வைத்தது நான்தான். சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். நீ சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னாய். அதற்குப் பிறகு நீ பேசிய எதுவும் என் காதில் விழவில்லை. மறுபடி கூப்பிட்டுப் பேசலாம் என்றால், போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று பேச்சை மாற்றிவிடுவாய். பக்கத்துக் கட்டிலில் ஒடிசாக்காரர் படுத்திருக்கிறார் என்று குரலையும் தாழ்த்திக்கொள்வாய். அதனால்தான் எழுதச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை செல்வி எழுதுகிறாள். இன்றைக்கு அவளுக்குத் தையல் கடை லீவு. என் வாயில் வருவதை அப்படியே எழுத மாட்டாளாம், பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதுவது போல் மாற்றித்தான் எழுதுவாளாம். "நீ பேசுறத அப்படியே எழுதுனா அண்ணே சிரிக்கும்மா" என்கிறாள். ஒன்பதாவதோடு நின்றவள் என்று யார் சொல்வார்கள்? எழுதி முடித்ததும் போனில் படம் பிடித்து அனுப்புவாள். நீ தனியாக இருக்கும்போது, மேல்தட்டில் எங்காவது உட்கார்ந்து, மெதுவாகப் படி.

நீ முதல் தடவை கப்பலுக்குப் போய்விட்டு வந்தபோது, கப்பல் எப்படி முழுகாமல் மிதக்கிறது என்று நான் கேட்டேன். நீ துணி துவைக்கிற தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அலுமினியச் சட்டியை மிதக்கவிட்டு, அதற்குள் ஒவ்வொரு வெங்காயமாகப் போட்டாய். சட்டி கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்தது. செல்வியின் கண்மைப் பென்சிலை எடுத்துச் சட்டியின் பக்கவாட்டில் ஒரு வட்டம் போட்டு, நடுவில் ஒரு கோடு இழுத்தாய். "கப்பல் ரெண்டு பக்கமும் இந்தக் குறி இருக்கும்மா. தண்ணி இந்தக் கோட்டுக்கு மேல ஏறக் கூடாது. அதுக்குத் தக்கனதான் சரக்கு ஏத்தணும். அம்புட்டுதான்" என்றாய். செல்வி, "என் பென்சில் போச்சு, ஒனக்கு வெங்காயமும் கெடையாது, சாம்பாரும் கெடையாது" என்று கத்தினாள். அப்புறம் நீ இன்னொன்றும் சொன்னாய். கோட்டை மதித்துச் சரக்கு ஏற்றினால் மட்டும் போதாது. அலை அடித்து மேல்தட்டில் தண்ணீர் ஏறும்போது அது உள்ளே இறங்காமல் இருக்க வேண்டும். மூடி, கதவு, காற்றுக் குழாய் எல்லாம் இறுக்கமாக இருந்தால்தான் அந்தக் கோட்டுக்கு அர்த்தம் உண்டு. அதையெல்லாம் பார்க்கத்தான் சர்வேயர் என்று ஒருவர் வந்து லோட் லைன் இன்ஸ்பெக்‌ஷன் செய்வார் என்றாய். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. ஒருவர் வந்து பார்க்கிறார் என்பது பெரிய தைரியம்.

அந்த இன்ஸ்பெக்‌ஷன்தான் வருகிற வாரம் உன் கப்பலுக்கு நடக்கப் போகிறது என்று நேற்று சொன்னாய். பதினைந்து நாளாக வெயிலில் துருவைச் சுரண்டிச் சுரண்டிக் கை கொப்பளித்துவிட்டது என்றாய். தேங்காய் எண்ணெய் தடவு என்று நானும் சொன்னேன். அப்புறம்தான் நீ மூடிகளைப் பற்றிச் சொன்னாய். கப்பல் வயிற்றில் சரக்குக் கிடங்கு நான்கு. ஒவ்வொன்றுக்கும் மேலே நம் தெரு அகலத்துக்கு இரும்பு மூடி. மூடியின் ஓரம் முழுக்க, குக்கர் மூடிக்கு கேஸ்கட் இருப்பது போல, ரப்பர். நீ சொன்ன வார்த்தைகள் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன. "ரப்பர் எல்லாம் செத்துப்போச்சும்மா. புதுசு கேட்டு எழுதிப் போட்டாச்சு, கம்பெனிக்காரய்ங்க அனுப்பல. சர்வேயர் வந்தா முன்னாடி இருக்கிற ஒண்ணாம் நம்பரையும் ரெண்டாம் நம்பரையும்தான் திறக்கச் சொல்லுவாராம். அலை மொதல்ல அடிக்கிறது அங்கதான. அதனால மூணாம் நம்பர்ல கொஞ்சம் உசுரோட இருந்த ரப்பர உரிச்சு முன்னாடிக்கு மாட்டியாச்சு. மூணுக்குள்ள கயிறத் திணிச்சு, வெளிய டேப்ப ஒட்டி, மேல பெயின்ட்ட அடிச்சாச்சு. பாத்தா புது மூடி மாதிரி இருக்கு."

அப்புறம் என்ன ஆகும் என்று கேட்டேன். "சர்வேயர் போனதும் உரச் சரக்கு ரெடி. ஏத்திக்கிட்டுக் கெளம்ப வேண்டியதுதான். நம்ம ஊரு எஃப்.சி. மாதிரிதாம்மா. இரவல் டயரு" என்று சிரித்தாய். அங்கேதான் போனை வைத்தேன்.

நம் ஊரில் லாரிக்கு எஃப்.சி. காட்டுவது என்றால் என்னவென்று டிரைவர் மகனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டி ஓடத் தகுதியாக இருக்கிறது என்று வருஷா வருஷம் காட்டிச் சான்று வாங்க வேண்டும். அதற்கு முதல் வாரம் வண்டியை ஷெட்டில் விட்டு, ஓட்டை விழுந்த இடத்துக்கெல்லாம் பட்டி வைத்துத் தேய்த்து, பெயின்ட் அடித்து, பின்னால் பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டி, பம்பரில் எலுமிச்சம்பழம் கட்டிக் கல்யாணப் பெண்ணைப் போலக் கொண்டுபோவார்கள். டயர் தேய்ந்திருந்தால் இன்னொரு வண்டியில் இருந்து இரவல் வாங்கி மாட்டுவார்கள். காட்டிவிட்டு வந்த அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பார்க்கிறவர் காட்டியதைத்தான் பார்க்க முடியும். இதைப் பாதி லாரி ஷெட்டுகளில் யாரும் தப்பாகவே பேச மாட்டார்கள். கல்யாண வீட்டுக்குப் பக்கத்து வீட்டுச் சங்கிலியை இரவல் வாங்கிப் போட்டுப் போவது போலத்தான் பேசுவார்கள். நீயும் அப்படித்தான் சிரித்தாய். உன்மேல் கோபம் இல்லை. உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதை நான் உன்னிடம் சொன்னதில்லை. சொன்னால் நீ அந்த முதலாளி வீட்டு வாசலில் போய் நிற்பாய், ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேன்.

உன் அப்பா கடைசியாக ஓட்டிய செங்கல் லாரி அப்படி எஃப்.சி. வாங்கிய வண்டிதான். அந்த முதலாளியிடம் இரண்டு லாரி. ஒன்றின் நல்ல டயர்களைக் கழற்றி இதில் மாட்டிக் காட்டிவிட்டு, சாயங்காலமே பழைய டயர்களைத் திருப்பி மாட்டிவிட்டார்கள். முன்பக்க டயர் ஒன்று, தேய்ந்த பிறகு மேலே புது ரப்பர் ஒட்டி ரீட்ரெட் செய்தது. வெளியே பார்த்தால் பட்டன் எல்லாம் கனமாக, நல்ல டயராகத் தெரியும். உள்ளே கிழிந்து கம்பி வந்திருந்தது. அதை வெளியே நின்று பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. உன் அப்பா தினமும் கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொரு டயரையும் கம்பியால் தட்டிப் பார்க்கிறவர்தான். அன்றைக்கும் தட்டித்தான் பார்த்திருப்பார். திருமங்கலம் தாண்டி, பட்டப்பகலில், மழை இல்லாமல், எதிரே வண்டி இல்லாமல், அந்த டயர் வெடித்தது. ஏற்றியிருந்த லோடும் வழக்கம்போல அளவுக்கு மேலேதான். மிச்சம் உனக்குத் தெரியும். நீதான் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டு வாங்கினாய். எல்லோரும் விதி என்றார்கள். டயர் வெடிப்பதற்கு யார் என்ன செய்ய முடியும் என்றார்கள். கேட்பதற்கு ஆறுதலாகத்தான் இருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த பாண்டி அண்ணன் சொல்லித்தான் எனக்கு உள்ள விஷயம் தெரிந்தது. உன் அப்பாவுக்கு முன்னால் அந்த வண்டியை ஓட்டியவர் அவர். தான் ஓட்டிய காலத்தில் பஞ்சர் கடையில் அந்த டயரைக் கழற்றிப் போட்டபோது உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தவர்.

ஆகையால் தம்பி, எனக்கு உன் கப்பலைப் பற்றித் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. நீ அதில் போக வேண்டாம். இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து கப்பல் கிளம்புவதற்குள் இறங்கி வந்துவிடு. காரணம் கேட்டால் அம்மாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று சொல். வேண்டுமானால் நானே போனில் முனகிக்கொண்டு உன் கேப்டனிடம் பேசுகிறேன். இப்படி நான் சொன்னதும் செல்வி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "நடிக்க ஒனக்கு வராதும்மா. போன வாரம் ஹவுஸ் ஓனர் அக்காட்ட காய்ச்சல்னு சொல்லிட்டு, அவுக பாக்கவே ரெண்டு கொடம் தண்ணியத் தூக்கிட்டு மாடி ஏறுன" என்றாள். நானும் சிரித்தேன். கையில் ஒரு வேலையும் இல்லாமல் வந்தாலும் பரவாயில்லை, வா. தல்லாகுளத்தில் நான் வேலை பார்க்கிற வீட்டு சார் கோர்ட்டில் வக்கீல். அவரிடம் சொல்லி ஏதாவது ஒரு வண்டி ஓட்டுகிற வேலையோ, ஆபீஸ் வேலையோ பார்த்துக்கொள்ளலாம். தரையில் இருந்தால் போதும்.

இதற்கு மேல் எழுதச் சொன்னபோது செல்வி எழுதவில்லை. பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எப்படி என்று உனக்குத் தெரியும். தையல் கடையில் வாய் திறக்காததால் முதலாளியம்மா அவளை "மௌனராணி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். பால்காரரிடம் அரை லிட்டர் வேண்டும் என்பதைக்கூட விரலால்தான் காட்டுவாள். அவள் தலையைத் தூக்காமல், "அண்ணே எறங்கிருச்சுன்னா கப்பல் போகாதாம்மா?" என்று கேட்டாள்.

"அது ஏன் போகாது? வேற ஆளப் போட்டுக்கிட்டுப் போவாய்ங்க."

"யாரப் போடுவாங்க?"

"எனக்கென்ன தெரியும்? வேலை இல்லாம எம்புட்டுப் பேரு காத்துக்கெடக்கான். எவனாச்சும் வருவான்."

"அவுகளுக்கு மூணாம் நம்பர் மூடி தெரியுமாம்மா?"

"ஏண்டி, எழுதச் சொன்னா எழுதுறத விட்டுட்டுக் கேள்வி கேக்குற? எழுது."

அவள் எழுதவில்லை. "அப்பாவும் அப்புடித்தானம்மா ஏறுனாரு" என்றாள்.

உன் அப்பா போன பிறகு இந்த மூன்று வருஷத்தில் அவள் தன் வாயால் அப்பா என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அறைந்திருப்பேன். ஆனால் கை எழவில்லை. அவள் எழுந்து போய்த் துணியை மடித்து வைக்க ஆரம்பித்தாள். நான் அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு எழுதியது "தரையில் இருந்தால் போதும்" என்பது வரைதான்.

அதற்குப் பின் உள்ளதெல்லாம் மறுநாள் எழுதுவது. மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று செல்வி கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். இறங்கி வா என்று உன் அம்மா ஒரு நாள் முழுக்க நினைத்தது உண்மை. அது உனக்குத் தெரியத்தான் வேண்டும்.

இன்றைக்குத் தல்லாகுளத்தில் வேலை முடிந்ததும் பஸ் ஏறாமல் கோரிப்பாளையத்துக்கு நடந்து போனேன். பாண்டி அண்ணன் இப்போது லாரி ஓட்டுவதில்லை. தர்கா பக்கம் ஆட்டோ ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ போட்டிருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை தம்பி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ கப்பலுக்குப் போன பிறகு, செல்வியைத் தையல் கடையில் சேர்த்துவிட்டது அவர்தான். எனக்குக் காய்ச்சல் வந்தபோது பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வரிசையில் நின்றவர் அவர்தான். இந்த மூன்று வருஷமும் அவரை நல்ல மனுஷர் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். கஷ்டமே அதில்தான் இருக்கிறது.

என்னைப் பார்த்ததும், "வா தங்கச்சி, ஏறு. ஒங்க வீட்டுப் பக்கம், வில்லாபுரம், நம்ம ரூட்டு இல்ல, ஒனக்காக ரூட்ட மாத்திருவோம்" என்றார். ஏறவில்லை, ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்று நின்றேன். பக்கத்து ஆட்டோக்காரர், "என்னா பாண்டிண்ணே, அக்கா நிக்கிற நிலையப் பாத்தா வெவகாரம் பெருசு போலயே, என்னாத்தப் பண்ணித் தொலச்சீக?" என்று கிண்டல் செய்தார். பாண்டி அண்ணன் அவரைப் பார்த்து, "போடா, ஒன் சவாரியப் பாரு" என்றுவிட்டு என்னை வண்டிக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

"அந்த டயர் உள்ள கிழிஞ்சிருந்தது ஒங்களுக்குத் தெரியும்லண்ணே. வண்டிய விட்டு எறங்கும்போது யாருட்டயாச்சும் சொன்னீகளா?"

"மொதலாளிட்ட சொன்னேன். 'ஒனக்குப் பிடிக்கலன்னா எறங்கிக்கப்பா, ஊருல டிரைவருக்கா பஞ்சம்'னாரு. எறங்கிட்டேன். வெளிய கேட்டவய்ங்ககிட்ட கால்வலின்னு சொல்லிக்கிட்டேன். டயரக் காரணம் சொன்னா எவன் எனக்கு மறுபடி வண்டி குடுப்பான்?"

"செல்வி அப்பாட்ட?"

அவர் ஆட்டோக் கண்ணாடியைத் துடைக்கிற துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "சாவிய நாந்தான் குடுத்தேன் தங்கச்சி, அவன் கையில. அவனுக்கு வாயெல்லாம் பல்லு. எத்தன வருசமா ஆக்டிங் டிரைவரா அல்லாடுனான், ஒரு வண்டி நெலையா அமஞ்சதுன்னு. 'ஒங்களாலதாண்ணே எனக்கு இந்த வண்டி'ன்னு கையப் பிடிச்சுக்கிட்டான். டீக்கடைக்கு இழுத்துட்டுப் போயி டீயும் வடையும் வாங்கிக் குடுத்தான். அந்த டீயக் குடிச்சுக்கிட்டு அவன் மூஞ்சியப் பாத்து எப்புடிச் சொல்ல? இன்னைக்கு வேணாம், நாலு நாளு கழிச்சுச் சொல்லுவோம்னு நெனச்சேன். அப்பறம் எனக்கு வேற சோலி வந்துருச்சு."

நான் திரும்பினேன்.

"ஒரு வார்த்த திட்டிட்டாச்சும் போ தங்கச்சி" என்றார்.

"திட்ட வரலண்ணே. வாரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். வழியில் ஆற்றுப் பாலம். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே ஆற்றில் தண்ணீர் இல்லை, இரண்டு பேர் மாடு கழுவுகிற அளவுக்கு ஒரு குட்டை கிடந்தது. போகிற வருகிற வண்டியெல்லாம் ஹாரன் அடித்தது. பாண்டி அண்ணன் செய்ததைத்தானே நான் நேற்று உன்னைச் செய்யச் சொன்னேன்? அவருக்குக் கால்வலி, உனக்கு அம்மாவின் நெஞ்சுவலி. அவர் முதலாளியிடமாவது சொன்னார். நான் உன்னை அதுவும் சொல்ல வேண்டாம் என்று கூப்பிட்டேன்.

நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும். நான் ஒரு சாதாரண டெக் ஆள், கேப்டனும் சீஃப் ஆபீசரும் சேர்ந்து செய்கிற விஷயம், என் பேச்சை யார் கேட்பார்கள் என்பாய். போட்டுக்கொடுத்தவன் என்று பெயர் வந்தால் வேறு எந்தக் கப்பலிலும் ஏற்ற மாட்டார்கள் என்பாய். இருக்கலாம். கடலைப் பற்றியும் உன் கம்பெனியைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாது. உனக்கு ஒன்றும் ஆகாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வேலை போகலாம். கப்பலில் நீ படுக்கிற கட்டிலைச் சுற்றி யாரும் உன்னோடு பேசாமல் இருக்கலாம். நீ வெளியே தெரியாமல் அழுகிற பிள்ளை. உன் அப்பாவின் காரியத்தன்றைக்குக்கூடத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்த்தான் அழுதாய். அங்கே கடல் நடுவில் உனக்கு அப்படி ஒரு மறைவிடம் இருக்குமா என்றுகூடத் தெரியாது. இதையெல்லாம் நினைத்தால் எனக்கு நேற்று எழுதியதே சரி என்று தோன்றுகிறது. இப்போதும் இதைச் சொல்லிக்கொண்டே, செல்வி, நிறுத்து, வந்துவிடச் சொல்லி எழுது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன். அவள் எழுதாமல் என்னையே பார்க்கிறாள்.

உனக்கு முன்னால் யாராவது அந்தக் கப்பலில் இருந்து இறங்கிப் போனார்களா? அவருக்கு ரப்பரைப் பற்றித் தெரிந்திருந்ததா? நீ ஏறும்போது உன்னிடம் என்ன சொன்னார்? நேற்று இரவெல்லாம் எனக்கு இந்த எண்ணம்தான். ஏணியில் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறியிருப்பாய், அவர் இறங்கியிருப்பார். "நல்ல கப்பல், சாப்பாடு நல்லா இருக்கும்" என்று ஏதாவது சொல்லியிருப்பார். நீயும் சிரித்திருப்பாய்.

நான் உன்னைப் பெரிதாக எதுவும் செய்யச் சொல்லவில்லை. கப்பல் முழுக்க என்னென்ன ஓட்டை என்று பட்டியல் போட்டு நீட்டச் சொல்லவில்லை. யாரோடும் சண்டை போடச் சொல்லவில்லை. சர்வேயர் மேல்தட்டுக்கு வரும்போது மூடியைத் திறந்து காட்ட நீங்கள்தானே பக்கத்தில் நிற்பீர்கள்? முன்பக்கத்து இரண்டையும் பார்த்துவிட்டு அவர் திரும்பும்போது, மூணாம் நம்பரையும் திறந்து பாருங்கள் சார் என்று சொல். அந்த ஒரு வரிதான். அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று உனக்குத் தெரியும். வாய் வராவிட்டால் அந்த மூடிக்குப் பக்கத்தில் போய் நின்று கையைக் காட்டு. செல்வி பால்காரரிடம் காட்டுவது போலக் காட்டினாலும் போதும். அவர் திறக்கச் சொன்னால் டேப்பும் கயிறும் அவர் கண்ணில் படும். அப்புறம் கப்பலை நிறுத்துவதும் ரப்பர் வரவழைப்பதும் அவர்கள் பாடு. ஒருவேளை அவர் வேண்டாம், நேரமாகிவிட்டது என்று போய்விட்டால், நீ சொன்னாய் என்பது கப்பலில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். ஏறுவதா இறங்குவதா என்று அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும். உன் அப்பாவுக்கு அந்த வாய்ப்பைத்தான் யாரும் கொடுக்கவில்லை.

அப்படிச் சொன்னதற்காக உன்னை இறக்கிவிட்டால், பெட்டியை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிடாதே. உன் இடத்துக்கு வருகிறவன் வரும்வரை அந்தத் துறைமுக வாசலில் நில். அவன் மொழி உனக்குத் தெரியாமல் இருக்கலாம். அவன் வேலை கிடைத்த சந்தோஷத்தில் வருவான், உன் பேச்சு அவனுக்குப் பிடிக்காது. ஏன் வயிற்றெரிச்சலா என்று கேட்பான். கேட்கட்டும். ரப்பரைப் பற்றி அவனிடம் சொல். அதற்கு மேலும் அவன் ஏறினால் அது அவன் கணக்கு.

கப்பலைப் பற்றிச் சொல்ல வந்ததில் மற்றதெல்லாம் விட்டுப்போய்விட்டது. கையில் கொப்பளம் உடைந்திருந்தால் உப்புத் தண்ணீர் படவிடாதே. மேல்வீட்டு அக்கா மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம், உன்னைக் கேட்டார்கள். செல்வி இப்போது பிளவுஸ் முழுசாகத் தைக்கிறாள், கொக்கி மட்டும் கட்டிக்கொண்டிருந்தவள். இதை எழுதமாட்டேன் என்கிறாள். நான் விடமாட்டேன், எழுது என்றேன்.

நீ இதைப் படித்ததும் எனக்கு நீலக் குறி தெரியும் என்று செல்வி சொல்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்து அவசரமாகப் பதில் போடாதே. இன்ஸ்பெக்‌ஷன் முடிந்த பிறகு கூப்பிடு. நீ சொல்லியிருந்தாலும் கூப்பிடு, சொல்லியிருக்காவிட்டாலும் கூப்பிடு. பயந்துபோய் எதுவும் சொல்லாமல் இறங்கி வந்தாலும் நீ என் பிள்ளைதான். கதவைத் திறப்பேன், சோறு போடுவேன், ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஆனால் அந்தக் கப்பல் இன்றைக்கு எந்தக் கடலில் போகிறது என்று கேட்பேன். உன் கட்டிலில் இப்போது யார் படுக்கிறான், அவன் பெயர் என்ன, அவன் அம்மா எந்த ஊர் என்று கேட்பேன். சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்பேன் தம்பி. அப்போது நீ "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.